எதிர்வீட்டுச் சுவரில் ஒரு சுரங்கம்

சாகப்போகிற விஷயத்தைப் பெண்டாட்டியிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன்.

நாற்பத்தாறு வருஷத்தில் செல்லத்தாயைக் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது. இதற்கு முன்னாலும் சில முடிவுகள் எடுக்கப் பார்த்திருக்கிறேன். எல்லாம் வாசலைத் தாண்டுவதற்குள் அவளிடம் பிடிபட்டு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். இது அப்படி ஆகக்கூடாது. இது என் சாவு. இதிலாவது எனக்கு ஒரு சொல் இருக்கவேண்டாமா?

விஷயம் இதுதான். மூன்று மாசமாக, விழுங்கிய சோறு நெஞ்சுக்குள் நின்றுகொண்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தது. முதலில் தோசை யோசித்தது. அப்புறம் இட்லி. அப்புறம் குழைந்த சோறு. கடைசியில் ரசம்கூட வழியில் நின்று இளைப்பாறிவிட்டுத்தான் இறங்கியது.

"ஏன் இம்புட்டுக் கஞ்சி குடிக்கீக?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

"வயசானா சாப்பாட்டைக் கொறைக்கணும்ட்டி. பட்டாளத்துல சொல்லிக் குடுத்திருக்கான்."

"பட்டாளத்துல எழுபத்திரண்டு வயசு ஆளை வச்சிருந்தானா?"

இப்படிக் கேட்பாள். பதில் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

பட்டாளம் என்றதும் ஞாபகம் வருகிறது. பதினேழு வருஷம் இருந்தேன். காஷ்மீரில் ஒரு மலையைத் தனியாளாக நின்று காத்தேன் என்றும், எதிரி சுட்ட குண்டு குளிரில் உறைந்து என் காலடியில் விழுந்தது என்றும் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன், ஜபல்பூரில் கம்பளிக் கிடங்கில் இருந்தேன். பூச்சி அரிக்காமல் அந்துருண்டை போடுவது என் பொறுப்பு. அதற்கப்புறம் இராஜபாளையத்துக்கு வந்து, பேண்டேஜ் துணி நெய்கிற மில் ஒன்றில் வாசல் காவல். நெய்கிற துணியெல்லாம் யாருடைய புண்ணுக்கோ போகிறது என்று நினைத்துக்கொண்டே இருபது வருஷம் ஓட்டிவிட்டேன்.

"பென்ஷனுக்கு லைஃப் சர்ட்டிபிகேட் குடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உயிரோடிருக்கிறேன் என்று கையெழுத்துப் போடப் போவதாகச் சொல்லிவிட்டு, இருப்பேனா மாட்டேனா என்று கேட்கப் போனேன். தொண்டை வழியாக ஒரு கறுப்பு ஒயரை விட்டார்கள். நுனியில் கேமரா. பக்கத்திலேயே டிவியில் படம் தெரியும், பாருங்கள் என்றார்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். உள்ளேயிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். எட்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டர் கூப்பிட்டார்.

"பெரியவரே, உணவுக்குழாய் முடியிற எடத்துல கட்டி இருக்கு. நல்ல கட்டி இல்லை."

"கட்டியில நல்லது வேற இருக்கா சார்?"

"இருக்கு. இது அது இல்லை."

டாக்டர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னும் பரவலை" என்றார். "மதுரையில பேசி வச்சிருக்கேன். திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு அங்க இருக்கணும். வெறும் வயித்தோட. இப்ப எடுத்தா வாய்ப்பு இருக்கு. தள்ளிப் போட்டீங்கன்னா பொறவு யாரும் கத்தியத் தொட மாட்டாங்க. வீட்டுல சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

"எங்க வீட்டுல எல்லாம் நான் எடுக்கிற முடிவுதான் சார்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணம் ஆனவர் போலிருக்கிறது. நம்பவில்லை.

ஒரு உறையில் சி.டி. ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். ஒயர் கேமரா எடுத்த படம் அதில் இருக்கிறதாம்.

எனக்குக் கத்தி என்றால் பயம். இதை வெளியில் சொன்னதில்லை. சேத்தூரில் இருந்த என் அண்ணன் வேலுசாமி இதே இடத்தில் இதே கட்டியோடு ஆபரேஷனுக்குப் போனார். பெரிய அரிவாளோடு தோப்பைச் சுற்றி வந்த மனுஷன். பஸ்ஸில் உட்கார்ந்து போனவர், வேனில் படுத்து வந்தார். அவர் எட்டு மாசம் ஒளித்து வைத்துவிட்டுக் கடைசியில் போனதுதான் காரணம் என்று செல்லத்தாய் சொல்லுவாள். கத்திதான் காரணம் என்று நான் சொல்லுவேன். சொல்லுவேன் என்றால், மனசுக்குள்.

ஆகவே முடிவு செய்தேன். போகமாட்டேன். சொல்லமாட்டேன். கஞ்சி இறங்குகிறவரை குடிப்பது, இறங்காத அன்று பார்த்துக்கொள்வது.

ஆனால் ஒரே ஒரு ஆசை. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனை ஒருதரம் பார்த்துவிடவேண்டும். என் சோற்றைத் தின்று, என் நெஞ்சில் குடியிருந்து, என்னையே காலி பண்ணச் சொல்கிறவன். அவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று தெரியாமல் போய்ச் சேருவது ஆம்பளைக்கு அழகா?

மறுநாள் சனிக்கிழமை. செல்லத்தாய் சனிக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைப் பார்த்துவிட்டு வருவாள். மூன்று மணிக்குக் கிளம்பினால் பொழுது அடைந்து ஏழு மணிக்கு மேல்தான் வீடு. இன்றைக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்றாள். அவள் சும்மா என்று சொல்லும்போது சும்மாவாக இருந்ததே இல்லை. நான் அதைக் கவனித்திருக்கவேண்டும்.

எங்கள் டிவி ஐப்பசி இடியில் செத்துப்போனது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் விக்னேஷ்வரன் தீபாவளிக்கு வந்தபோது, பதிலுக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பிரஷர் குக்கர் அளவு இருக்கும். சுவரில் படம் விழும். எங்கள் வீட்டுச் சுவர் கிளிப்பச்சை. அதில் போட்டுப் பார்த்தபோது கிரிக்கெட் ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் மஞ்சள்காமாலை முற்றியவர்களாகத் தெரிந்தார்கள். மிச்ச இடமெல்லாம் சாமி காலண்டர்கள். அவற்றில் கை வைத்தால் செல்லத்தாய் என்னையும் காலண்டராக்கி ஆணியில் மாட்டிவிடுவாள்.

ஆனால் ஒரு இடம் இருந்தது. தெருப்பக்கத்துப் பெரிய ஜன்னல். அதன் கதவுகளைக் கரையான் அரித்து, தச்சர் சோணைமுத்து கழற்றிக்கொண்டு போய் ஒரு மாசம் ஆகிறது. கேட்டால் "நாளைக்கு" என்பார். கொசு வராமலிருக்க அங்கே பேண்டேஜ் துணியைக் கட்டியிருந்தோம். எங்கள் ஊரில் பேண்டேஜ் துணி இல்லாத வீடு கிடையாது. இட்லிக்கு அதுதான். பால் வடிகட்ட அதுதான். கொசுவுக்கும் அதுதான், காயத்துக்குக் கட்டுவது எப்போதாவதுதான். நாலு முழ அகலத்தில், துவைத்த வெள்ளை. சினிமாக் கொட்டகைக்காரன் தோற்றான் என்று நினைத்துக்கொண்டேன்.

புரொஜெக்டரை ஸ்டூல்மேல் ஜன்னலைப் பார்த்து வைத்தேன். பரணிலிருந்து பழைய டிவிடி பிளேயரை இறக்கினேன். இனி இரண்டையும் சேர்த்து வைக்கவேண்டும். நாற்பத்தாறு வருஷம் ஆகியும் நானும் செல்லத்தாயும் சேர்ந்த பாடில்லை. ஒரு ஒயரால் என்ன செய்துவிட முடியும் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். ஒயர் என்னை ஒரு மணி நேரம் முட்டிபோட வைத்தது.

வேறு வழியில்லாமல் கேபிள்காரன் சோலைராஜுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, டிவிடி பிளேயரைப் புரொஜெக்டர்ல மாட்டணும்னா எப்படிலே?"

"யாருக்கு மாமா? நீங்களா மாட்டுறீக?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு."

"மூணு கலர் ஒயர் அவருட்ட இருக்கா?"

"செவப்பு, மஞ்சள், வெள்ளை. இருக்கு."

"புரொஜெக்டருக்குப் பின்னால என்னென்ன ஓட்டை இருக்குன்னு கேளுங்க."

போனைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தேன். "தட்டையா ரெண்டு, பொத்தான் மாதிரி உருண்டையா ஒண்ணுன்னு சொல்றாரு."

"அந்த உருண்டைதான். புரொஜெக்டர் டப்பாவுல ஒரு குட்டி ஒயர் கெடக்கும். ஒரு பக்கம் குச்சி, இன்னொரு பக்கம் மூணு கலர் ஓட்டை. குச்சியை உருண்டையில சொருகிட்டு, டிவிடி ஒயரைக் கலருக்குக் கலர் மாட்டச் சொல்லுங்க. பொறவு ரிமோட்டுல சோர்ஸை அமுக்கி ஏவியில வைக்கச் சொல்லுங்க."

"மஞ்சளைச் செவப்புல மாட்டினா என்னலே ஆகும்?"

"படம் வராது. உர்ருனு சத்தம் வரும்."

"உர்ருனுதான் வருது."

"அவரு இப்ப பக்கத்துலயா மாமா இருக்காரு?"

"ரொம்பப் பக்கத்துல."

"சரி, மஞ்சளைப் புடுங்கி மஞ்சள்ல மாட்டச் சொல்லுங்க. என்ன படம் பாக்கப் போறாரு?"

"பழைய படம்லே. எழுபத்திரண்டு வருஷத்துப் பழசு" என்று போனை வைத்தேன்.

மஞ்சளை மஞ்சளில் மாட்டினேன். ஆறே கால் மணி. கார்த்திகை மாசம், வெளியே இருட்டிவிட்டது. லைட்டை அணைத்தேன். படம் வந்தது.

வந்தது என்றால், துணியில் ஒரு சிவப்புக் குழப்பம் வந்தது. குங்குமத்தைத் தண்ணீரில் கொட்டினாற்போல. புரொஜெக்டரின் மண்டையில் ஒரு திருகு உண்டு. திருகினேன். குழப்பம் அதிகமாயிற்று. இன்னும் திருகினேன். மொத்தமாக மங்கிவிட்டது. என் வயிற்றை எனக்கே காட்டமாட்டேன் என்கிறதே என்று ஆத்திரம். கடைசிவரை திருகினேன்.

தெருவிலிருந்து "அடேயப்பா!" என்று ஒரு சத்தம் கேட்டது.

துணியை லேசாக விலக்கிப் பார்த்தேன். எங்கள் தெரு குறுகல். எதிர்வீடு கிருபாபாய் டீச்சருடையது. கிறிஸ்மஸ் வருகிறதென்று அந்த வாரம்தான் சுவருக்குப் பளிச்சென்று வெள்ளையடித்திருந்தார்கள். அந்தச் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, என் தொண்டை.

சல்லடைத் துணி வெளிச்சத்தைப் பிடித்து வைக்குமா? இருபது வருஷம் அந்தத் துணிக்குக் காவல் இருந்தவனுக்கு அது தோன்றவில்லை. படம் துணிக்குள் புகுந்து தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரில் போய் விழுந்திருக்கிறது. நான் இங்கே திருகத் திருக, அங்கே துலக்கமாகிக்கொண்டே போயிருக்கிறது. இழை இழையாகத் தெரிந்தது. ஈரம் மினுமினுத்தது. சுருங்கி விரிந்தது.

ரிமோட்டை எடுத்து அமுக்கினேன். படம் இரண்டு மடங்கு வெளிச்சமாயிற்று. இன்னொன்றை அமுக்கினேன். முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கலாம் என்று குனிந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. ஓய்வுபெற்ற ஏட்டு உக்கிரபாண்டி. மூன்று வீடு தள்ளி இருக்கிறவர். முப்பது வருஷ சர்வீசில் தானாக யாரும் உண்மை சொல்லிக் கேட்டதில்லை என்பார்.

"அண்ணே, என்னண்ணே அது?"

இங்கேதான் என் வியாதி. டாக்டர் சொன்னது இல்லை, அதற்கும் முந்தியது. யாராவது "என்ன அது" என்று கேட்டால் போதும், எனக்குக் கதை வந்துவிடும். பிளக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"சொரங்கம்" என்றேன்.

"என்ன சொரங்கம்?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடியில போகுதுன்னு சொல்லுவாகள்ல. மதுரைக்குப் போற சொரங்கம். அது."

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சுவர் நின்றால் போதும், அதற்கடியில் ஒரு சுரங்கம் மதுரைக்குப் போவதாகச் சொல்லிவிடுவார்கள். கண்டவர் இல்லை. கேட்காதவரும் இல்லை.

தெருவில் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். ராஜு வீட்டம்மா ஒருவர் "ஏமி இதி?" என்று தெலுங்கில் கேட்டு மூக்கில் விரல் வைத்தார். கிருபாபாய் டீச்சர் தன் வீட்டுச் சுவரையே திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய், சுவருக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றேன். கதை சொல்கிறவன் கேட்கிறவர்கள் முகத்தைத்தான் பார்க்கவேண்டும்.

"என் கூட பட்டாளத்துல இருந்த ஒரு ஆபீசரு. இப்ப சர்க்கார்ல ரகசிய வேலை. கேமராவை ஒயர்ல கட்டி உள்ள விட்டு எடுத்திருக்காரு. என் அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருக்காரு. வெளிய சொல்லிராதீக."

"ஏண்ணே செவப்பா இருக்கு?" என்றார் உக்கிரபாண்டி.

"செம்மண்ணுல்ல."

"வழுவழுன்னு இருக்கே?"

"ஊத்துத் தண்ணி. பிளவக்கல் அணை ரொம்புச்சுன்னா இங்க கசியும்."

"செவரு துடிக்குதேண்ணே?"

"மேல மதுரை பஸ் போகுதுல்ல. அதிராதா?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மற்றபடி ஒரு முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்கே ஆச்சரியம். காஷ்மீர் மலைக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

"அங்க பாருங்க, எலை மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார் கிருபாபாய் டீச்சர்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு கறிவேப்பிலை. இரண்டடி நீளத்துக்கு.

"அது அந்தக் காலத்துல சொரங்கத்துக்குள்ள போன படை சாப்பிட்டுப் போட்டது."

"முன்னூறு வருஷமா பச்சை மாறாம இருக்கே சார்."

"உள்ள வெயில் படாதுல்ல டீச்சர்."

கறிவேப்பிலையைத் தாண்டிப் படம் நகர்ந்தது. பாதை குறுகியது. அப்போதுதான் அவன் வந்தான்.

காலிஃபிளவர் மாதிரி ஒரு சதை. வெளுப்பும் கறுப்புமாக, ஓரத்தில் ரத்தம் கசிந்து, பாதையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சர் வீட்டு வாசல் கதவு அகலம் இருந்தான். அதைத் தவிர சுவரில் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. பார்க்க ஆசைப்பட்டேன், பார்த்துவிட்டேன்.  தெருவில் ஒரு பிள்ளை அழுதது. யாரோ தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் செல்லத்தாய். கையில் மஞ்சள் பை. பஸ் முன்னாலேயே கிடைத்திருக்கிறது.

கிருபாபாய் டீச்சர் நாலு எட்டு எதிரே போய் அவள் காதில் ஏதோ சொன்னார். குழாயில் தண்ணீர் வந்துபோனதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். செல்லத்தாய் பையைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"என்னதுங்க இது?"

"சொரங்கம்ட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் சொரங்கம்."

"நான் அங்கருந்துதான வாரேன். இப்படி ஒண்ணை ஒருத்தரும் சொல்லலையே."

"ரகசியம்."

"ஓகோ. உள்ள கேமரா விட்டாகளாக்கும்?"

"ஆமா."

"விட்டப்ப வலிச்சுச்சா?"

"சொரங்கத்துக்கு எங்கிட்டுட்டி வலிக்கும்?"

"இல்ல, கேமராவுக்கு."

எனக்குத் தொண்டை அடைத்தது. ஏற்கெனவே அடைத்திருந்ததற்கு மேல்.

படத்தில் ஒயர் வந்த வழியே திரும்பியது, கறிவேப்பிலை மறுபடியும் தெரிந்தது. "அந்தக் கருவேப்பிலை?" என்றாள்.

"முன்னூறு வருஷத்துக் கருவேப்பிலை" என்று உக்கிரபாண்டி எடுத்துக் கொடுத்தார். குரலில் மரியாதை.

"அப்படியா. நான் போன வாரம் ரசத்துக்குப் போட்டது மாதிரியே இருக்கு." அவள் குரல் கொஞ்சம் இடறியது. சரி பண்ணிக்கொண்டாள். "சரி தம்பி, நீங்க போலீசுல இருந்தவரு, வெவரம் தெரிஞ்சவரு. சொரங்கத்துல இந்த மாதிரி அடைப்பு இருந்தா என்னாகும்?"

"தண்ணி போகாது மதினி."

"தண்ணி போகலன்னா?"

"செவரு ஊறி இடிஞ்சு விழும்."

"சொரங்கம் இடிஞ்சா மேல இருக்கிற வீடு?"

"வீடும் போயிரும்."

"அந்த வீட்டுல இருக்கிறவ?"

உக்கிரபாண்டி குனிந்து செருப்பைப் பார்த்தார். நானும் என் செருப்பைப் பார்த்தேன். தெருவே செருப்பைப் பார்த்தது.

செல்லத்தாய் கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப இந்த அடைப்பை எடுக்கணுமா வேண்டாமா? எல்லாரும் சொல்லுங்க."

"எடுக்கணும்" என்றார் டீச்சர்.

"எடுத்தே ஆகணும்" என்றது தெரு, ஒரே குரலில். இந்தத் தெரு குப்பை வண்டி விஷயத்தில்கூட ஒரே குரலில் பேசியதில்லை.

"நீங்க சொல்லுங்க. பட்டாளத்துக்காரரு. ஆபீசர் உங்க அபிப்பிராயத்தைத்தானே கேட்டிருக்காரு?"

"அது வந்து... சொரங்கத்துல கை வச்சா... சில சமயம் மொத்தமா..."

"ஒங்க அண்ணன் சொரங்கம் மாதிரியா?"

யாரும் சிரிக்கவில்லை.

"அதை எட்டு மாசம் மூடி வச்சுட்டுத் தோண்டினாக" என்றாள். "இது இன்னும் பரவாம இருக்குல்ல? ஆபீசர் என்ன சொன்னாரு?"

"பரவலைன்னுதான் சொன்னாரு."

"அப்ப எடுக்கணுமா வேண்டாமா?"

கதையை விட்டு வெளியே வர வழி தேடினேன். இருந்த ஒரே வழியில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"எடுக்கத்தான் வேணும்" என்றேன்.

"என்னைக்கு வரச் சொல்லியிருக்காக?"

தலைக்குள் வேறு கிழமையே இல்லை. "திங்கக்கிழமை."

"எங்க?"

"மதுரை."

"எத்தனை மணிக்கு?"

"காலையில எட்டு மணிக்கு. வெறும் வயித்தோட."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. சுரங்கத்துக்கு எதற்கு வெறும் வயிறு? கூட்டத்தைப் பார்த்தேன். உக்கிரபாண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். எழுபத்திரண்டு வயசிலும் புத்தி இவ்வளவுதான் வேலை செய்தது.

"உக்கிரபாண்டி தம்பி, திங்கக்கிழமை விடியக் காலம் நாலரைக்கு ஒரு கார் சொல்லிருங்க. நானும் போறேன். நானும் ஒரு சொரங்கத்தைப் பாத்ததில்ல."

"சொல்லிர்றேன் மதினி. நானும் வாரேன்."

அவள் உள்ளே போனாள். நான் கண்டுபிடிக்காத பொத்தானைத் தேடாமல், சுவரிலிருந்த பிளக்கை உருவினாள். தெரு இருட்டாயிற்று. ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். போகிறபோது ஆளாளுக்கு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சுரங்கத்துக்குத்தான் இத்தனை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் மஞ்சள் பையைப் பிரித்தாள். பால்கோவா. "இதாவது வழுக்கிக்கிட்டு இறங்கும்னு வாங்கினேன்" என்று ஸ்பூனால் எடுத்துக் கொடுத்தாள். வழியில் ஒருதரம் நின்றுவிட்டு இறங்கியது. அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இறங்குகிற வரை.

மறுநாள் முழுக்கப் பை கட்டினாள். இரண்டு கைலி, துண்டு, பிளாஸ்க், ஆதார் கார்டு, ரேஷன் கார்டு.

"சொரங்கத்துக்கு எதுக்குட்டி கைலி?"

"உள்ள ஈரமா இருக்கும்ல."

"ரேஷன் கார்டு?"

"சொரங்கத்துக்காரன் அட்ரஸ் கேப்பான்ல."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓடிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வாசலுக்குப் போனேன். உக்கிரபாண்டி எங்கள் படிக்கு எதிரே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

திங்கள் விடியற்காலம் கார் வந்தது. அந்த நேரத்திலும் தெரு முழுக்க எழுந்து நின்றது. டீச்சர் என் நெற்றியில் கை வைத்து ஜெபம் பண்ணினார். உக்கிரபாண்டி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது கோபுரத்து விளக்கு தெரிந்தது. செல்லத்தாய் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் விட்ட கதைகளில் இது ஒன்றைத்தான் அவளும் தெருவும் ஒரு எழுத்து விடாமல் நம்பியிருக்கிறார்கள். அதையும் தூக்கிக்கொண்டு கத்திக்குக் கீழே போகவேண்டுமா?

"ஏட்டி, செல்லத்தாயி. நான் திரும்பி வருவேனோ மாட்டேனோ. ஒரு உண்மையைச் சொல்லிர்றேன். அது சொரங்கம் இல்லட்டி. அது என் வயிறு."

அவள் என் கையை விடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தெரியும்ங்க. 'பால்ச்சாமி, ஆண், வயசு எழுபத்திரண்டு'ன்னு அந்தச் செவத்து மூலையில மொழ நீளத்துக்கு இங்கிலீசுல எழுதியிருந்துச்சாம்; நான் வாரதுக்கு முன்னாலயே தெருவே வாசிச்சு முடிச்சிருச்சு, நீங்க ஆசையாக் கதை சொல்லிக்கிட்டு இருந்தீகன்னுதான் ஒருத்தரும் குறுக்க பேசல."